இடம் மாறும் அம்பு

மருந்துக் கிடங்கின் குளிரறையை விட்டு வெளியே வந்ததும் அவர் முதலில் கழற்றுவது கையுறையைத்தான். விரல் சூடேறினால்தானே வாசலில் இருக்கும் பெட்டியைத் திறந்து போனை எடுக்க முடியும்! உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து, பார்த்த கையோடு பேனாவால் பதிவேட்டில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. கிடங்கில் எல்லோருக்கும் அவர் ‘ஐஸ்பெட்டி’.

அந்த மாதம் ஐஸ்பெட்டி சூடாகத்தான் திரிந்தார். காரணம், ஆன்லைனில் பங்கு வர்த்தக உத்தி விற்கும் ஒரு ‘மாஸ்டர்’. அவர் காட்டும் விலை வரைபடத்தில், விலை ஏறப்போகிற இடத்தில் பச்சை அம்பு, இறங்கப்போகிற இடத்தில் சிவப்பு அம்பு. பச்சையில் வாங்கு, சிவப்பில் விற்றுவிடு, அவ்வளவுதான். ஒரு வாரம் இலவசமாகப் பார்க்கலாம். அவரும் தினமும் ஷிப்ட் முடிந்து மாலையில் பார்த்தார். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் பச்சை, ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் சிவப்பு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

“நூத்துக்கு நூறு! கண்ணால பார்த்தேன்டி,” என்றார் மனைவியிடம்.

“பாக்கறதுக்குக் காசு இல்ல. கட்டறதுக்கு எதை எடுக்கப் போறீங்க?”

வீட்டில் இருந்ததே ஒரே பணம்தான், மகளின் கல்லூரிக் கட்டணம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் அவள். பாதியை மாஸ்டருக்குக் கொடுத்து, மீதியை வைத்து இரண்டே நாளில் மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்று அவர் மனக்கோட்டை கட்டியிருந்தார்.

“என் சீட்டை வெச்சு சூதாடாதப்பா,” என்றாள் மகள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“சூதாட்டமா? நீ இன்னும் காலேஜ் வாசலையே மிதிக்கல. அதுக்குள்ள எனக்குப் பாடமா?”

“மிதிக்க விட்டாத்தானே!”

புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்று மூன்று மணிக்குள் மாஸ்டருக்குப் பணம் கட்டினால் பாதி விலை. சந்தை திறந்ததுமே போனைத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். சும்மா இருக்கக் கை கேட்குமா? மகளின் பழைய நோட்டில் கட்டம் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை நேரம், அம்பின் நிறம், விலை என்று எழுத ஆரம்பித்தார்.

பத்தரைக்குப் பச்சை. எழுதினார். விலை இறங்கியது. பதினொன்றுக்குப் பார்த்தால் பத்தரையில் பச்சையே இல்லை. அது புதிய பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. ‘கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு’ என்று தன்னையே திட்டிக்கொண்டு, எழுதியதைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்து வைத்தார். பன்னிரண்டுக்கு மறுபடியும் அதே கதை. இரண்டரைக்குள் ஏழு கோடு, ஏழு கையெழுத்து.

பணம் அனுப்பும் பக்கத்தில் மாஸ்டரின் கணக்கு எண்ணைப் போட்டாயிற்று, தொகையைப் போட வேண்டியதுதான் பாக்கி. மகள் நோட்டை இழுத்துப் பார்த்தாள்.

“என்னப்பா, அடிச்சு அடிச்சு வெச்சிருக்க?”

“தப்பா எழுதிட்டேன்.”

“ஏழு தடவையா?”

“வயசாகுதில்ல.”

“பதினெட்டு வருஷத்துல கிடங்குல எத்தனை தடவை தப்பா எழுதிருக்க?”

அவர் யோசித்தார். “ரெண்டு. ரெண்டு தடவையும் எனக்குக் காய்ச்சல்.”

“இன்னைக்குக் காய்ச்சலா?”

குளிரறையில்கூட அவருக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை. நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் தப்பா எழுதலம்மா. அவன்தான் அழிச்சு எழுதறான். விலை எங்க போகுதுன்னு பார்த்துட்டு, அம்பு பின்னாடியே போய் ஒட்டிக்குது. சாயங்காலம் பார்க்கிற எனக்கு எல்லாம் சரியாத்தானே தெரியும்!”

உடனே மாஸ்டரின் விற்பனை ஆளுக்குப் போன் போட்டார்.

“சார், இன்னும் இருபது நிமிஷம்தான். முடிச்சிடலாமா?”

“பத்தரைக்கு இருந்த பச்சை எங்க போச்சு தம்பி?”

“அது அட்வான்ஸ்டு லாஜிக் சார். பணம் கட்டினா மாஸ்டரே வெளக்குவாரு.”

“மாஸ்டர் சொந்தக் காசுல வாங்கி வித்த கணக்கைக் காட்டுவாரா? ஆலோசனை சொல்ல அரசாங்கப் பதிவு எண் இருக்கா?”

“இப்படிச் சந்தேகப்பட்டுட்டே இருங்க, கடைசிவரைக்கும் கூலிக்காரனாவே இருப்பீங்க!”

தொடர்பு அறுந்தது. அடுத்த நிமிடமே மாஸ்டரின் ஆன்லைன் குழுவிலிருந்தும் அவரை வெளியே தள்ளிவிட்டார்கள்.

“கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா இவ்வளவு சுகமா இருக்கும்னு தெரியாமப் போச்சே!” என்று சிரித்தார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “போன உயிர் திரும்பி வந்துச்சுங்க.”

மாஸ்டரின் கணக்கு எண்ணை அழித்துவிட்டுக் கல்லூரியின் எண்ணைப் போட்டார். மூன்று மணிக்குள் ரசீது வந்தது. மகள் அதை மூன்று தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை வாய்விட்டு வாசித்தாள்.

மறுநாள் கிடங்கில் அந்த நோட்டு கைக்குக் கை மாறியது. வட்டிக்கு வாங்கி மாஸ்டருக்குக் கட்டவிருந்த சுமை தூக்குபவர் தலையைச் சொறிந்தார். “அப்போ யாரைத்தான்யா நம்பறது, ஐஸ்பெட்டி?”

“முடிஞ்சப்புறம் சரியாச் சொல்றவனை நம்பாத. முன்கூட்டியே சொல்லச் சொல்லி, உன் கையால எழுதி வெச்சுப் பாரு. தோத்ததே இல்லன்னு ஒருத்தன் சொன்னா, தோத்ததை அழிச்சிட்டான்னு அர்த்தம். நிஜமாவே பணம் காய்க்கிற மரம் வெச்சிருக்கிறவன், கன்னு விக்க நம்ம வாசலுக்கு ஏன்யா வரப்போறான்?”