காணாமல் போன ஆறு லிட்டர்

முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது தீர்த்தகிரிக்கு. அப்படிப்பட்டவனுக்கு வேலை எங்கே கிடைத்தது என்றால், அதியமான்கோட்டைப் பக்கம், ஸ்பிரிட்டில் கண்ணாடி துடைக்கிற மருந்து செய்யும் கம்பெனியில். கீழே சிந்தினால் துடைக்கத் துணி தேடுவதற்குள் காய்ந்துவிடும். வாசம் மட்டும் சட்டையில் ஏறி வீடுவரைக்கும் கூடவே வரும்.

அவன் சம்சாரம் செல்லி தினமும் வாசலில் நிறுத்தி, “ஊதுங்க” என்பாள். சட்டையைக் கழற்றச் சொல்லி மறுபடியும் ஊதச் சொல்வாள். “கயித்த அவுத்தீங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே சித்தேரிக்கு எங்கம்மா வூட்டுக்குப் பஸ் ஏறிருவேன்” என்று சொல்லியும் வைத்திருந்தாள்.

கலந்தே வந்த சரக்கைப் பாட்டிலில் நிரப்புவதுதான் அதுவரை வேலை. அந்தத் திங்கட்கிழமைதான் முதல் முறையாக இங்கேயே கலந்தார்கள். சூப்பர்வைசர் முனிராஜ் நூறு லிட்டர் ஸ்பிரிட்டும் நூறு லிட்டர் தண்ணீரும் தன் கண்முன்னே அளக்க வைத்து, டேங்கில் ஊற்றச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தீர்த்தகிரி கலக்கக் கலக்க டேங்க் வெதுவெதுப்பானது. மூடி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு தூக்கமும் போட்டான்.

சாயங்காலம் வந்து அவனை எழுப்பிவிட்டு, முனிராஜ் டேங்கின் அளவுக் கோட்டைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்று நாலு.

“மிச்சம் ஆறு லிட்டர் எங்கடா?”

“தெரியலீங்க சார். மூடுனது மூடுனபடியே இருக்குது.”

“நீயும் அதுகிட்டயேதான் இருந்திருக்க. அதான் இந்தத் தூக்கமா?”

லேபிள் ஒட்டும் காசியம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அதுல கசப்பு மருந்து கலந்துதான் வருது சார். ஒரு சொட்டு நாக்குல பட்டு நான் மூணு நாளு சோறு திங்கல. ஆறு லிட்டரு குடிச்சவன உருட்டிக்கிட்டுல்ல போவணும், பேரலு மாதிரி?”

முனிராஜ் அதற்குள் செல்லிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் செல்லி துணிப்பையோடு வந்து நின்றாள். பையின் வாயில் மடித்த சேலை தெரிந்தது. அதைப் பார்த்ததும் தீர்த்தகிரி முனிராஜ் பக்கம் திரும்பினான்.

“சார், அவரக்கொட்ட ஒரு படியும் ராகி ஒரு படியும் கலந்தா ரெண்டு படி தேறாதுங்க. ராகி சந்துல பூந்துக்கும். இதுவும் அப்படி எதாச்சும்…”

“இது ராகியாடா?”

“எனக்குத் தெரியாதுங்க. நீங்களே கலந்து பாருங்க. நா கிட்டவே வரல.”

சொன்னபடியே வேப்பமரத்தடியில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முனிராஜ் அளவு ஜாடியில் அரை லிட்டர் ஸ்பிரிட், அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். ஜாடி சுட்டது. மூடி, ஆறட்டும் என்று மேசை மேல் வைத்தார்கள். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல.

ஆறிய பிறகு முனிராஜ் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். ஒரு லிட்டருக்கு முப்பது மில்லி குறைந்திருந்தது.

செல்லி முன்னால் வந்து, வாசலில் கேட்கிற அதே குரலில், “ஊதுங்க சார்” என்றாள்.

முனிராஜ் ஊதினார்.

“சாம்பார் வாசந்தான்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள் செல்லி. பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பையைத் தீர்த்தகிரியின் கையில் திணித்தாள்.

“புடிங்க, கனமா இருக்குது. வூட்டுக்குப் போலாம்.”