கொப்பரைத் தகடு

அலைபேசி அடித்தபோது தங்கதுரை உக்கடத்துப் பழைய சாமான் கடை ஒன்றில், சக்கரங்களைக் கழற்றிக் கட்டை மேல் நிறுத்தியிருந்த ஒரு பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்திருந்தான். துருப்பிடித்த சேஸும், ஆயில் கசிந்து தூசி அப்பிக் கறுத்துப்போன, இஞ்சின் ஆயில் நிற்கும் சேம்பரும் மூக்குக்கு ஒரு சாண் மேலே தெரிந்தன. அவன் தேடி வந்தது அங்கே இல்லை. கல்லும் கட்டையும் சேம்பரில் இடிக்காமல் இருக்க அடியில் ஒரு காப்புத் தகடு மாட்டுவார்கள். அதைப் பிடித்திருக்கும் இரும்புக் காதுகள் மட்டும் இரண்டு பக்கமும் மொட்டையாகத் தொங்கின. தகட்டை எவனோ என்றைக்கோ கழற்றி எடைக்குப் போட்டிருக்கிறான். படுத்த வாக்கிலேயே போனைக் காதில் வைத்தான்.

"ஏனுங்க, உங்கண்ணன் போயிட்டாருங்களாமா," என்றாள் மனைவி. "காத்தால கம்பெனில கட்டிங் டேபிளுகிட்ட உக்காந்திருந்தவரு அப்பிடியே சாஞ்சுட்டாராமா. வேலம்பாளையத்துல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போறாங்க. நீங்க நேரா அங்க வந்துருங்க. நான் பஸ்ல போயிர்றேன்."

"செரி," என்றான்.

போனைச் சட்டைப் பையில் போட்டான். வண்டிக்கு வெளியே கடைக்காரரின் செருப்பு தெரிந்தது. "ஏனுங் பாய், இதே மாடல் வேற ஏதாச்சும் உடைக்க வருங்களா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. அண்ணன் செத்த செய்திக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு கூட இல்லை. வராது, அந்த மாடலைக் கம்பெனியே நிறுத்தி எத்தனையோ வருசம் ஆயிற்று, இதுவே அதிசயமாக வந்தது என்றார் பாய். தங்கதுரை வெளியே நகர்ந்து வந்து முதுகைத் தட்டிக்கொண்டு, பரவாயில்லீங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அவனுடையதும் அதே மாடல்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப். கரடு முரடு எதிலும் ஏறும். அவனுக்கென்று மிஞ்சிய ஒரே சொத்தும் அதுதான். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் மேல் நிற்கும் காற்றாலைகளுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போக ஒரு கம்பெனி மாத வாடகைக்கு வண்டி தேடிக்கொண்டிருந்தது. காற்று சீசன் முழுக்க வேலை, நல்லபடியாக ஓட்டினால் அடுத்த வருசமும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை, அடிப்பக்கம் சரியான தகடு இருக்க வேண்டும். போன சீசனில் எவனோ ஒருவனுடைய வண்டி பாறையில் சேம்பர் உடைந்து, ஆட்கள் ராத்திரி முழுக்கக் கரட்டின் மேலேயே கிடந்தார்களாம். நாளை மறுநாள் கம்பெனி ஆள் வந்து குனிந்து பார்ப்பான். தகடு இல்லையென்றால் வேலை இன்னொருவனுக்கு. அதற்குப் பிறகு வண்டியை இதே உக்கடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஏதாவது பனியன் கம்பெனியில் டிரைவராகச் சேர வேண்டியதுதான். நாற்பத்தெட்டு வயதில் இன்னொருவன் சாவியைக் கையேந்தி வாங்க வேண்டும்.

தகடு என்ன, எந்த வெல்டிங் பட்டறையிலும் வெட்டி மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அவனும் அப்படித்தான் நினைத்தான். ஒருவன் வெட்டிய தகடு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன் ஆக்சிலில் இடித்தது. இன்னொருவன் இறக்கி மாட்டிக் காற்றை அடைத்துவிட்டான், அவினாசி போய்ச் சேருவதற்குள் இஞ்சின் கொதித்துவிட்டது. "வளைவு அளவா இருக்கோணுமுங்ணா. குத்துமதிப்புக்கு வெட்டுனா இப்பிடித்தான்," என்றான் மெக்கானிக் மயில்சாமி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டிக்கு அச்சாகப் பொருந்துகிற தகடு ஒன்று ஊரிலேயே இருந்தது. எங்கே இருக்கிறது என்று தங்கதுரைக்கும் தெரியும், மயில்சாமிக்கும் தெரியும். அண்ணன் அய்யாசாமியின் வீட்டு வாசலில் குழாயடியில் கிடந்தது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் நடத்திய காலத்தில் வாங்கிய வண்டி அது. பட்டறைக்கு மூட்டை மூட்டையாக உப்பு ஏற்றியே அதன் வயிறு அரித்துப்போனது. வண்டிக் கம்பெனி கொடுத்த இரும்புத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்ததும், அய்யாசாமி கழித்துப்போட்ட சாயக் கொப்பரை ஒன்றிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெட்டி, அளவு பார்த்து வளைத்து, தானே மாட்டினார். தம்பி அடியில் படுத்துக் காலால் ஏந்திப் பிடித்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், அண்ணன் தம்பிக்குக் கேட்க வேண்டுமா. பட்டறையை மூடிப் பாகம் பிரித்தபோது பனியன் கம்பெனி அண்ணனுக்கு, வண்டியும் கொஞ்சம் ரொக்கமும் தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். தம்பி முணுமுணுத்தான். அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வண்டி அவனுக்கு. தகடு நான் வெட்டுனது, அது எனக்கு," என்று சொல்லி, பெரிய மனுசர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பேனரை எடுத்து அங்கேயே கழற்றிக்கொண்டார். தங்கதுரை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு கல்யாணம் காட்சியில் பார்த்தாலும் ஆளுக்கொரு பந்தியில் உட்கார்ந்தார்கள். அவனுக்கு இரண்டு முறை சேம்பர் உடைந்தது. "ஒரு வார்த்த கேட்டா என்னங்ணா கொறஞ்சு போச்சு?" என்று மயில்சாமி ஒவ்வொரு முறையும் கேட்டான். "அவரா குடுக்கட்டும்," என்று இவன் ஒவ்வொரு முறையும் சொன்னான்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினான். கருமத்தம்பட்டி தாண்டியும் ஆடவில்லை. அவினாசியில் ஒரு டீ குடித்தான். டீ நன்றாக இருந்தது.

வேலம்பாளையத்தில் கம்பெனியும் வீடும் ஒரே காம்பவுண்டு. மிஷின்கள் எல்லாம் நின்றுபோய், தெற்கத்திப் பெண்களும் வடக்கத்திப் பையன்களும் கேட்டோரம் தனித்தனிக் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவனைக் கண்டதும் வீட்டுக்குள் அழுகை கூடியது. யாரோ இரண்டு பேர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அண்ணன் மனைவி சாரதாமணி தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நங்கையா," என்று கூப்பிட்டான், கொங்கு நாட்டில் அண்ணியை அழைக்கிற முறையில். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். அண்ணன் முகம் வீங்கி, முகச் சவரம் செய்யாமல், யாரோ தெரிந்த ஆள் மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. வராததற்கு வெட்கமும் வரவில்லை.

சாயங்காலம் குளிப்பாட்ட வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மண் வாசல் சேறாகிவிடக் கூடாதென்று யாரோ குழாயடியில் கிடந்த தகட்டை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு மரப் பெஞ்சைப் போட்டிருந்தார்கள். அண்ணனை அதில் சாய்த்து உட்கார வைத்தார்கள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் பச்சை அரப்புத் தூளும் வைத்தார்கள். தங்கதுரையின் முறை வந்தது. எண்ணெய் வைத்தான், அரப்பு வைத்தான், சொம்புத் தண்ணீரை ஊற்றினான். தண்ணீர் அண்ணன் மார்பில் வழிந்து, தொடையில் வழிந்து, தகட்டில் விழுந்து போல்ட் ஓட்டைகள் வழியாக இறங்கியது. ஓட்டைகள் ஒன்றும் கிழியவில்லை. முன் விளிம்பின் மடிப்பு அப்படியே இருக்கிறது. துரு ஒரு பொட்டு இல்லை. தகட்டின் இடது காது மட்டும் லேசாக வளைந்திருக்கிறது, சுத்தியலில் இரண்டு தட்டு தட்டினால் போதும். சொம்பு காலியான பிறகும் அதைச் சாய்த்துப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தான். பின்னால் நின்ற பங்காளி ஒருவர் மெதுவாகச் சொம்பை வாங்கிக்கொண்டார். நிமிர்ந்தபோது நங்கை நிலைப்படியில் நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பைத் துடைத்து, வேட்டி கட்டி, தேர்ப்பாடையில் ஏற்றத் தூக்கிப்போனார்கள். காரியம் செய்கிற நல்லான் வாசலை ஒதுக்க ஆரம்பித்தார். பாயும் தலையணையும் சொம்பும் அவர் மொபெட்டில் ஏறின. பிறகு பெஞ்சை நகர்த்திவிட்டுத் தகட்டின் ஒரு முனையைத் தூக்கினார். பிணத்துக்குத் தண்ணீர் வார்த்த இடத்துச் சாமான் எதுவும் வீட்டுக்குள் திரும்பக் கூடாது என்பது வழக்கம். எல்லாம் காரியம் செய்கிறவருக்கு. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், தங்கதுரைக்கும் தெரியும். நல்லான் தகட்டை மொபெட்டின் பின்னால் கிடத்திக் கயிற்றை எடுத்தார். நாளைக் காலையில் அது ஏதாவது ஒரு தராசில் இருக்கும். சங்கு ஊதினார்கள்.

"அந்தத் தகடு எனக்கு வேணும்," என்றான் தங்கதுரை.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சங்கு ஊதியவரே வாயிலிருந்து சங்கை எடுத்துவிட்டார். தேரைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எளவு ஊட்டுலயும் பங்கு கேக்கறான் பாரு," என்று ஒரு குரல், அவன் காதில் விழட்டும் என்றே சொன்னது.

"தண்ணி வார்த்த சாமானுங்க சாமி. மறுக்கா பொழங்கப்படாதுங்க," என்றார் நல்லான், தன் உரிமைக்காக இல்லை, அவனுக்காகத்தான். 

தங்கதுரைக்கு முகம் சுட்டது. காலையிலிருந்து அவன் உடம்பில் நடந்த முதல் சமாச்சாரம் அது. ஆனாலும் நகரவில்லை. "தெரியுமுங்க. எனக்கு வேணும்," என்றான் மறுபடியும்.

நங்கை படியிறங்கி வந்தாள். பெண்கள் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். அவள் குரலில் அழுகை இல்லை, அசதிதான் இருந்தது.

"கேட்டுட்டீங்களா தம்பி. இந்த வார்த்தைக்குத்தானுங்க அவரு இத்தன வருசமா உக்காந்திருந்தாரு. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை கழுவிப் பொட்டு வெப்பாரு. குடோன்ல போடலாமுன்னு சொன்னாக் கேக்க மாட்டாரு. வாசல்லயே கெடக்கட்டும், அவன் வந்தாக் கண்ணுல படோணும், வாயத் தொறந்து கேட்டான்னா அப்பவே மாட்டி உட்டுருவேன்னு சொல்லுவாரு." தகட்டைப் பார்த்தாள். "நீங்க வரவே இல்லீங்க."

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. "தம்பி வண்டில ஏத்தி உடுங்க," என்று நல்லானிடம் சொல்லிவிட்டுத் தேர்ப் பக்கம் போனாள். நல்லான் ஒரு முனையைப் பிடித்தார், இவன் ஒரு முனையைப் பிடித்தான். சாய்க்காமல் கொள்ளாமல் பிக்கப்பின் பின்பக்கம் தட்டையாகப் படுக்க வைத்தார்கள். பிறகு தங்கதுரை போய்த் தேருக்குத் தோள் கொடுத்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, மயானம் வரைக்கும் பின்னால் பேசிக்கொண்டேதான் வந்தார்கள்.

மறுநாள் காலையில் மயில்சாமியின் ஷெட்டில் வண்டியை நிறுத்தினான். அதற்குள் சேதி அங்கேயும் வந்திருந்தது. மயில்சாமி தகட்டைத் தொடாமல் சுற்றி வந்து பார்த்தான்.

"ஏனுங்ணா, நாலு நாள் கழிச்சு மாட்டிக்கலாமுங்களே."

"நாளைக்கு வண்டியப் பாக்க வர்றாங்க."

"செரி, ஒருக்கா கழுவியாச்சும் மாட்டலாமுங்க."

"வேண்டாம். புடி," என்றான் தங்கதுரை.

தகட்டைத் தட்டையாக வைத்தபடியே காது வளைவைத் தட்டி நேராக்கினார்கள். தங்கதுரை சாக்கை விரித்து வண்டியின் அடியில் மல்லாந்து நுழைந்தான். மயில்சாமி பக்கவாட்டில் குந்திக்கொண்டு தகட்டை உள்ளே தள்ளினான். இவன் அதை மார்பின் மேல் வாங்கி, முழங்கால்களை மடக்கிப் பின்முனையை முட்டுக்கொடுத்து ஏற்றினான். அது இங்கேயும் அங்கேயும் தேடவில்லை. ஆக்சிலுக்கு விரல் விட இடம் கொடுத்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. முதல் போல்ட் ஸ்பேனர் இல்லாமலே விரலில் ஏறியது.

"பொருந்துதுங்களா?" என்றான் வெளியிலிருந்து மயில்சாமி.

இரண்டாவது போல்ட்டுக்காகத் தகட்டை முன்பக்கம் சற்றுச் சாய்த்தபோது, விளிம்பின் மடிப்பில் தங்கியிருந்த தண்ணீர் நகர்ந்து ஓட்டை வழியாக அவன் முகத்தில் விழுந்தது. அரப்பு கரைந்த பச்சைத் தண்ணீர், எண்ணெய் வாசத்தோடு. நெற்றியில் விழுந்து, கண்ணோரமாக இறங்கி, காதுக்குள் போனது. இரண்டு கையும் தகட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. துடைக்கக் கை இல்லை. மயில்சாமி மறுபடியும் கேட்டான். தங்கதுரை கண்ணை மூடிக்கொண்டு, அது வழிந்து தீரும்வரை அசையாமல் ஏந்திப் பிடித்திருந்தான்.