பேர் வெட்டிய காந்தம்

எண்பத்திரண்டாம் வருஷம் முழுப்பரிட்சை லீவுக்குப் போடிக்கு வந்த பேத்திகள் இருவரும் இரண்டே நாளில் ராசிங்காபுரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அம்மை கண்டது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது கௌரவமான காரணம் இருந்திருந்தால் சுருளிவேல் பொறுத்துக்கொண்டிருப்பார். சம்பந்தி தவசி தன் வீட்டில் ஒரு விஞ்ஞானப் பெட்டி வாங்கி வைத்திருந்தார் என்பதுதான் காரணம். ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் இரும்புத்தூள். இவ்வளவுக்காகத் தாய்வழித் தாத்தாவையும் போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அவருடைய ஏலத்தோட்டத்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறின.

லீவு என்றால் பெண் வயிற்றுப் பிள்ளைகள் அம்மா பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். அதுதான் முறை. காந்தம் வைத்திருப்பவன் வீட்டில் இருப்பது முறையென்று எந்தப் பெரியவரும் சொல்லிவைக்கவில்லை. ஏலக்காய்க் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த லீவு முழுக்க, "பேத்திகளக் காணமே அண்ணே" என்று விசாரித்தார்கள். அக்கறையோடு விசாரித்தார்கள். அந்த அக்கறையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் அடுத்த லீவு வருவதற்குள் சுருளிவேல் ரயிலேறி மதுரைக்குப் போனார். பள்ளிக்கூடங்களுக்குச் சோதனைச் சாமான் விற்கும் கடை ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு எதுல நாட்டம்ணே?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு எல்லாத்துலயும் நாட்டந்தான். நீ எடுத்துப் போடு."

கடைக்காரர் முதலில் சோதனைக் குழாய்களும் முப்பட்டைக் கண்ணாடியும் இருந்த பெட்டியைத் திறந்தார். சுருளிவேல் ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி. இதுல எங்கிட்டுப்பா பேர் வெட்டுறது?"

"பேரா?"

"பேருதான். எங்க வீட்டுலயிருந்து பேர் வெட்டாத கரண்டிகூட வெளிய போனதில்ல."

அது உண்மை. மகள் சந்திரவல்லியின் கலியாணத்துக்குக் கொடுத்த அண்டாவிலிருந்து ஊதுபத்திச் செருகி வரைக்கும் அவர் பெயர் இருந்தது. தவசி வீட்டில் யார் தண்ணீர் குடித்தாலும் சொம்பின் கழுத்தில் சுருளிவேலைப் படித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

அடுத்து அட்டையில் செய்த தொலைநோக்கி வந்தது. மழையில் நனைந்தால் பேர் போய்விடும் என்று தள்ளினார். ரசாயனப் பெட்டியில் சிறு சிறு புட்டிகளில் பொடி இருந்தது. "தும்முனா பறக்குற சாமானச் சீருன்னு கொடுக்கச் சொல்றியா?" என்றார். கடைசியாகக் கடைக்காரர் மின்சார மோட்டார் செய்யும் பெட்டியைத் தயங்கித் தயங்கி எடுத்து வைத்தார். பித்தளைத் தகடுகள், செம்புக் கம்பிச் சுருள், கட்டை கட்டையாக இரண்டு இரும்புக் காந்தங்கள். சுருளிவேல் காந்தத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனத்தது. நாலு பக்கமும் தட்டையாக இருந்தது.

"இதுல எடமிருக்கு. கட்டு."

பெரிய பேத்தி பொன்னுமணிக்கு மோட்டார் செய்துபார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அது அவருக்குத் தெரியாது. இடம் பார்த்து வாங்கிய பெட்டி ஆசைக்குப் பொருந்திப் போனதைத் தன்னுடைய விஞ்ஞான ஞானம் என்று பின்னால் அவரே சொல்லிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டும் வீரையாவைக் கூப்பிட்டுவிட்டார். அவர் உளியும் சுத்தியலுமாக வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். பித்தளைத் தகடுகள் சொன்னபடி கேட்டன. காந்தம் கேட்கவில்லை.

"அய்யா, உளி வழுக்குது. இது ரொம்ப முறுக்கான இரும்பு."

"வழுக்குனா ஓங்கி அடி. இரும்பு முறுக்குனா நாம விட்டுருவமா?"

"பேரு மட்டும் போதும்ல?"

"பேரு, ஊரு, தாய்வழித் தாத்தா அன்பளிப்பு. நாலு பக்கம் எதுக்குக் கெடக்கு?"

வீரையா காலையில் தொடங்கிய அடி மதியச் சாப்பாடு வரைக்கும் நிற்கவில்லை. தெருவில் போனவர்கள் கொல்லுப்பட்டறை வைத்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தார்கள். சுருளிவேலின் மனைவி அன்னக்கொடி மட்டும் கேட்டாள்:

"வெளையாட்டுச் சாமானுக்குப் போயி பேரா? பிள்ளைக என்ன, களவாண்டுட்டா போகப்போகுதுக?"

"போனாலும் யாரு வீட்டுதுன்னு தெரியணும்ல?"

லீவு விட்டதும் சந்திரவல்லி பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். சீர் என்றால் நாலு பேர் பார்க்க வேண்டும். ஆகவே கடைவீதியிலிருந்து பால்பாண்டி முதலான வியாபாரிகள் காபிக்கு அழைக்கப்பட்டார்கள். அழைக்காதவர்களும் வந்தார்கள். பெட்டியைக் கண்ட பொன்னுமணிக்கு வாயெல்லாம் பல். "மோட்டாரு!" என்று கத்திவிட்டுச் சடையைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். காபி ஆறுவதற்குள் சுருளை அச்சில் கோத்து, இரண்டு பக்கமும் காந்தத்தை நிறுத்தி, பாட்டரியில் கம்பியைத் தொட வைத்தாள்.

மோட்டார் சுற்றவில்லை.

சுருளை விரலால் சுண்டிவிட்டாள். ஒரு சுற்றுச் சுற்றி, வெட்கப்பட்டதுபோல் நின்றது.

"பாட்டரி செத்துருக்கும்," என்றார் ஒருவர். புதுப் பாட்டரி வந்தது. அதுவும் பயனில்லை.

"ஜீப்பு பாட்டரியக் கழட்டிக் கொண்டாரச் சொல்லவா?" என்று சுருளிவேல் எழுந்தார்.

"வேணாம் தாத்தா, கம்பி கருகிப்போகும்!"

"அப்ப மதுரைக்காரன் ஏமாத்திட்டான். வெரசா வண்டிய எடுக்கச் சொல்லு, அவன..."

பொன்னுமணி அவரைக் கவனிக்கவில்லை. அம்மாவிடம் ஊக்கு வாங்கிக் காந்தத்தின் முனையில் வைத்தாள். ஊக்கு தரையில் விழுந்தது. மறுமுனையிலும் விழுந்தது.

பால்பாண்டி காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணே, நம்ம கடைத் தராசுப் படிக்கல்லு இதவிட நல்லா இழுக்கும்போல."

கூட்டம் சிரித்தது. சுருளிவேலின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்குமேல் நிமிர இடமில்லை.

பொன்னுமணி காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு பக்கமும் படித்தாள். பிறகு கேட்டாள்:

"தாத்தா, இத அடிச்சீகளா?"

"அடிக்கலத்தா. பேர் வெட்டுனோம்."

"காந்தத்த அடிக்கக் கூடாது தாத்தா. அடிச்சா இழுக்குறது போயிரும். எங்க டீச்சர் சொல்லிருக்காக."

மதியம் வரைக்கும் அடித்ததை அவர் சொல்லவில்லை. தெருவே கேட்டிருந்ததால் சொல்லத் தேவையும் இல்லை.

சின்னவள் பேச்சி கையைத் தட்டித் தூசியை உதறினாள். "ராசிங்காபுரத்துக் காந்தம் நல்லா ஒட்டும். அங்கிட்டே போயிருவமாக்கா?"

"அந்தக் காந்தத்த வச்சு ஒரே பக்கமா உரசுனா, இதுக்கும் இழுப்பு திரும்ப வந்துரும்," என்றாள் பொன்னுமணி. "ஆனா அது அங்கயில்ல இருக்கு."

எல்லாரும் சுருளிவேலைப் பார்த்தார்கள். பிள்ளைகள் காந்தத்தைத் தேடிப் போக வேண்டும். இல்லையென்றால் காந்தம் பிள்ளைகளைத் தேடி வர வேண்டும். முதலாவது நடந்தால் போன வருஷக் கதைதான். அவர் மகளைப் பார்த்தார்.

"ஒன் மாமனாருக்குச் சொல்லிவிடு."

"நான் சொல்லிவிட்டா பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்கம்பாரு. நீங்களே போயிக் கேளுங்கப்பா."

மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து சுருளிவேல் தவசியிடம் ஒரு தீப்பெட்டிகூடக் கேட்டதில்லை. அன்று துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ராசிங்காபுரத்தில் தவசி கட்டிலில் படுத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி! அத்திபூத்தாப்புல."

"சும்மா இந்தப் பக்கம் ஒரு சோலி. ஒங்க வீட்டுல ஒரு இரும்புத்துண்டு கெடக்காமே."

"காந்தமா?"

"அப்படியும் சொல்றாக."

"எதுக்கு? நீங்கதான் மதுரையிலயிருந்து பெரிய பெட்டியா வாங்கிட்டீகளாமே."

"பெட்டி நல்ல பெட்டிதான். பேர் வெட்டுனதுல கொஞ்சம் அசந்துபோச்சு."

தவசிக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் கட்டில் கிரீச்சிடச் சிரித்தார். சுருளிவேல் அந்தச் சிரிப்பு முடியும்வரை, மழைக்கு ஒதுங்கி நிற்பவர்போல், நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் இன்னும் நீளும்.

"தர்றேன் சம்பந்தி. ஆனா காந்தத்தத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் கூட வர்றேன். ஒங்க ஊருல சுத்தியல் ஜாஸ்தி."

அன்று சாயங்காலம் போடியில், சுருளிவேலின் பெயர் மேல், ஊர் மேல், அன்பளிப்பின் மேல், தவசியின் காந்தம் ஒரே திசையில் திரும்பத் திரும்ப உரசிப் போயிற்று. பொன்னுமணி மோட்டாரைப் பூட்டினாள். சுருள் ஒரு துடி துடித்து, பிறகு கம்பியே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. பேச்சி குதித்தாள்.

"பேரு ஒங்களுது, இழுப்பு எங்களுது," என்றார் தவசி.

"சுத்துறது எங்க வீட்டுல," என்றார் சுருளிவேல்.

காந்தம் மறுபடி அசந்துவிடும், தினமும் காலையில் உரசவேண்டும், அதனால் தான் இங்கேயே தங்குவதுதான் நல்லது என்று தவசி அறிவித்தார். சுருளிவேலின் சாய்வு நாற்காலி, சுருளிவேலின் வெற்றிலைப் பெட்டி, அன்னக்கொடியின் நெய்த்தோசை எல்லாம் விஞ்ஞானத்துக்கு அவசியப்பட்டன. வாரம் ஒன்று ஓடிற்று. பிள்ளைகள் அடுத்தபடியாக மோட்டாரில் காற்றாடி பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

தனியாக இருந்தபோது பொன்னுமணி சொன்னாள்: "தாத்தா, தெனமும் உரசத் தேவையே இல்ல. அன்னைக்கு உரசுனதே போதும். ராசிங்காபுரத்துத் தாத்தாகிட்டச் சொல்லிரட்டுமா?"

சுருளிவேல் உள்ளே எட்டிப் பார்த்தார். தவசி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சத்தமாப் பேசாதத்தா. அவரு கெளம்புனா காந்தமும் கெளம்பும். காந்தம் கெளம்புனா ஒன் தங்கச்சி பஸ்சுல ஏறிருவா."

பிறகு குரலை உயர்த்தினார்.

"அன்னக்கொடி, சம்பந்திக்கு இன்னும் ரெண்டு தோசை வையி. பாவம், காலையிலயிருந்து உரசுனாரு."