பீரங்கிக்கு மட்டும் விலக்கு

மனைவியின் தம்பி பிஸ்கட் தின்ற விரலை நக்கிவிட்டு, அதே விரலால் தன் பொம்மைக் குதிரைப்படையை நகர்த்தும்போதெல்லாம் அவருக்குக் குமட்டும். பாதிக் குதிரைகளுக்கு இன்னும் வண்ணமே பூசவில்லை. ஒன்றுக்கு வால் ஒடிந்து, அந்த இடத்தில் பல்குத்தும் குச்சி ஒட்டியிருந்தது. இந்த லட்சணத்தில் ஒரு படை தோற்காமல் என்ன செய்யும் என்று, மூன்று வருடமாக ஞாயிறுதோறும் மூக்கைச் சுளித்துக்கொண்டே அவர் ஜெயித்து வந்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் பிழைப்பு. ஆகவே பொம்மைப் போரின் விதிகளை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியதும் அவரே. பெட்டியோடு வந்த புத்தகம் ஆறடி மேஜை கேட்டது. வீட்டில் இருந்ததோ மூன்றடிச் சாப்பாட்டு மேஜை. எனவே எல்லாத் தூரமும் பாதி. குதிரை பன்னிரண்டு அங்குலம் ஓடாது, ஆறுதான். அளப்பதற்குத் தையல்காரியான மனைவியின் நாடா.

அன்று நாடாவைத் திரும்ப வாங்க வந்தவள், தம்பி நான்காவது குதிரையைப் பறிகொடுத்த நேரத்தில் விதி நோட்டைச் சும்மா புரட்டினாள்.

"ஏங்க, மேஜையே முப்பத்தாறு அங்குலம். உங்க பீரங்கி எப்படி நாப்பத்தெட்டு பாயுது? எதிர்வீட்டுக்காரரையும் சேர்த்துச் சுடுறீங்களா?"

அவர் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். பீரங்கி அவர் படையில் மட்டும்தான் உண்டு. 48 என்பதை அடித்து 24 என்று எழுதியிருந்தார். பிறகு, அடித்த 48-க்குக் கீழே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அச்சகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்: அடித்தது செல்லாது, பழையதே இருக்கட்டும். முதல் ஆட்டத்தில் தோற்ற மறுநாள் காலை, ஒரு காலில் செருப்போடு நின்றபடி அந்தப் புள்ளிகளை வைத்தது நினைவுக்கு வந்தது. நாக்கெல்லாம் கசந்தது.

தப்பு நடந்துவிட்டது என்று மைத்துனனிடம் முனகினார். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. தானே செய்ததுதான் என்று திருத்திச் சொன்னார்.

"தெரியும் அத்தான். ரெண்டாவது வாரமே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

அவன் அக்காவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "மொத ஆட்டம் தோத்துட்டு ரெண்டு நாள் அக்காகிட்ட முகம் கொடுத்தே பேசலையே நீங்க. நான் தோத்தா குதிரைதானே போகும்."

மனைவி மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று வருட வெற்றியும் எச்சில் இலைபோல் அவர் எதிரே கிடந்தது.

சிவப்புப் பேனாவால் புள்ளிகளை அடித்துவிட்டுப் படைகளை மறுபடி நிறுத்தினார். அரைமணி நேரத்தில் அந்தக் குச்சிவால் குதிரை அவருடைய கடைசிப் பீரங்கியை முட்டிக்கொண்டு நின்றது. அக்காளும் தம்பியும் மேஜையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கோணத் தொடங்குவது அவருக்கே தெரிந்தது. சகிக்கவில்லை.

மைத்துனன் தயங்கித் தயங்கி ஒரு பிஸ்கட்டை நீட்டினான். அதே விரல்கள்.

வாங்கி முழுதாக வாயில் போட்டுக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் போடலாமாடா?" என்றார்.