இரண்டு சம்பந்திகளும் ஒரு துருப்பிடித்த போல்ட்டும்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் என் வண்டிக்கு வைப்பர் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் மூன்று மூக்குக்கண்ணாடி செருகியிருந்தார்.

"போல்ட் இன்னும் கழலலையா சம்பந்தி? அப்பாடா, நல்லதாப் போச்சு. நாளைக்கு வர்றேன்."

போல்ட் கழலவில்லை என்று சந்தோஷப்படும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. வைப்பரை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பேச்சுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "துரு என்பது இரும்பு விடும் பெருமூச்சு..."

அடித்துவிட்டேன். இரும்பு பெருமூச்சு விடாது.

அப்புறம் இப்படி: "மகளின் விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று காலை கண்ணாடிக்காரர் தன் செருப்பைத் தேடி..."

இதுவும் சரிப்படவில்லை. இப்படி ஆரம்பித்தால் யார் மேல் தப்பு என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். [பையன் நல்லவன். பெண்ணும் நல்லவள். சேர்ந்து வாழ முடியவில்லை. அதற்கு மேல் எனக்கும் தெரியாது.]

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாழ்நாளெல்லாம் எள்ளளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டியவர். அவர் மகளைக் கட்டிய பையனின் அப்பா, ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயர இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிய கை. மனைவி போன பிறகு தனியாக இருந்தார்.

கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இந்த இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிறு வந்தால் எதையாவது கழற்றியாக வேண்டும். தண்ணீர் மோட்டார், சுவர்க்கடிகாரம், ஒருமுறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி. கடைசியில் கண்ணாடிக்காரரின் பழைய கார். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்றது. சக்கரங்களை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கைகள் இரண்டும் துருவேறி இற்றுப்போயிருந்தன.

ஃபிட்டர் வீட்டுக் கொட்டகையில்* ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். வலதுபக்கக் கையை மாற்றியாயிற்று. இடதுபக்கம் ஒரே ஒரு போல்ட் மட்டும் வரமாட்டேன் என்றது.

அந்த வாரம்தான் பிள்ளைகள் பிரிந்தார்கள்.

*இந்தக் கொட்டகை என் நண்பர் வீட்டில் இருப்பது. கேட்காமல் தூக்கிவந்துவிட்டேன்.

3

கார் அங்கே நிற்கும்வரை கண்ணாடிக்காரர் அந்த வீட்டுக்குப் போக ஒரு சாக்கு உண்டு. கார் தரையில் இறங்கிவிட்டால் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பது? இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. போல்ட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

"எண்ணெய் ஊறட்டும் சம்பந்தி."

"ஊறட்டும், ஊறட்டும். என்ன அவசரம்?"

ஃபிட்டர் சுத்தியலால் போல்ட்டின் தலையில் தட்டினார். அந்தத் தட்டில் கைக்குழந்தை தூங்கிப்போயிருக்கும்.

ஒருநாள் ஸ்பேனர் எடுக்கப் போன கண்ணாடிக்காரர் அலமாரியில் கிடந்த சாக்கைத் தூக்கினார். அடியில் இரும்பு வெட்டும் கிரைண்டர். புது வட்டு மாட்டி, ஒயர் சுற்றி, தயாராக இருந்தது. அதை எடுத்து வைத்தால் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் போல்ட் இரண்டு துண்டு.

சாக்கை இழுத்து அதன்மேல் பழையபடி மூடினார்.

"ஸ்பேனர் கிடைச்சுதா?" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"கிடைச்சுது."

காருக்கு அடியில் இரண்டு தட்டு தட்டும் சத்தம்.

"அங்க வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை சம்பந்தி."

4

மகளை முதலில் தப்பாக எழுதிவிட்டேன். புயல்போல வந்தாள், கத்தினாள், ஸ்பேனரை வீசினாள். இரண்டு பக்கம். படித்துப் பார்த்தால் அவள் பேசவில்லை, நான்தான் அவள் வாயால் கத்திக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டேன். மிஞ்சியது சாப்பாட்டு மேசையில் நடந்த இவ்வளவுதான்:

"கார் எந்த ஒர்க்‌ஷாப்புல இருக்குப்பா?"

"அது... தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட."

"யாரு?"

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அவங்க வீட்டுக்கா போய்ட்டு வர்றீங்க?"

"கார் அங்க மாட்டிக்கிச்சும்மா."

"அந்தக் குடும்பத்தை விட்டு வெளிய வர நான் என்ன பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

[இதற்கு அவர் சொல்ல ஏதாவது தேடினேன். கிடைக்கவில்லை. அவர் சோற்றைப் பிசைந்தார்.]

"சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் அங்க போக வேண்டிய வேலை இருக்காது."

"சரிம்மா."

5

சனிக்கிழமை காலை அப்பாவும் மகளும் கொட்டகைக்குள் வந்தபோது ஃபிட்டர் அவசரமாக எழுந்து கையைத் துடைத்தார். "வாம்மா" வந்துவிட்டது. "எப்படி இருக்கே" வரவில்லை.

அவள் குனிந்து போல்ட்டைப் பார்த்தாள். எண்ணெயில் குளித்துப் பளபளவென்றிருந்தது. நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். சாக்குக்கு வெளியே ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது.

"கிரைண்டர்தான் இருக்கே மாமா. வெட்டி எடுத்துட வேண்டியதுதானே?"

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஃபிட்டர் கூரையைப் பார்த்தார்.

அவள் இவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்பா எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று பல நாளாக நினைத்துக் குமைந்திருந்தாள். இங்கே பார்த்தால் கட்சியே இல்லை. தோற்றுப்போன பிள்ளைகள்போல இரண்டு வயசானவர்கள் நின்றார்கள்.

தரையில் கிடந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி எண்ணெய் ஊத்துறீங்க?"

"அது ஊறணும்ல..." என்றார் ஃபிட்டர்.

"ஊறி ஊறி அதுக்குச் சளியே பிடிச்சிருக்கும் மாமா."

ஃபிட்டர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வேறு ஏதோ ஆக, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்தபோது கிரைண்டர் கையில் இருந்தது.

பொறி பறந்தது. போல்ட் ணங்கென்று விழுந்தது.

6

புதுக் கையைப் பொருத்தி, சக்கரங்களை மாட்டி, தடித்த பலகைகள் மேல் வண்டியை இறக்கினார்கள். இன்னும் கடைசி முறுக்கு பாக்கி.

"அதை வண்டி தொங்கறப்போ போடக்கூடாது," என்றார் கண்ணாடிக்காரர் மகளிடம். "எடை தாங்கி நிக்கறப்போதான் போடணும். இல்லேன்னா உள்ள இருக்கற ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சுரும்."

(இங்கே ஒரு உவமை சொல்லக் கை துறுதுறுக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.)

"யாராவது உள்ள உக்காந்தா நல்லது," என்றார் ஃபிட்டர், யாரையும் பார்க்காமல்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இந்தச் சில மாதங்களாக எல்லோரும் அவளிடம் பதில் கேட்டார்கள், காரணம் கேட்டார்கள், கையெழுத்துக் கேட்டார்கள். சும்மா உட்கார்ந்திரு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. காலுக்குக் கீழே பேச்சுக் கேட்டது.

"இன்னும் அரைச் சுத்து சம்பந்தி."

"தோள் வலிக்குதுய்யா."

"தள்ளுங்க, நான் வர்றேன்."

"நீங்க வந்தா நான் எங்க போறது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

7

முடிவு ஒன்று: கார் போகிறது. ஃபிட்டர் வாசலில் நிற்கிறார். எழுதியும் விட்டேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவரை அங்கேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் எழுந்து சாப்பிடப் போக மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: அந்த நேரம் பார்த்துப் பையன் வருகிறான், இருவரும் ஒருவரையொருவர்... வேண்டாம். அவள் என்னை மன்னிக்கமாட்டாள்.

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இது. அப்பா முன்னால் ஏறினார். அவள் கையைப் பின்னால் நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க மாமா. சத்தம் வருதான்னு யாரு கேக்கறது?"

ஃபிட்டர் சீட்டில் அழுக்குப் படாமலிருக்க ஒரு துணியை விரித்து, அதன்மேல் விருந்தாளிபோல உட்கார்ந்தார். தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு வேகத்தடை. இல்லை. கண்ணாடிக்காரர் திரும்பி, தேர்வில் தேறிய பையனைப்போலச் சிரித்தார்.

அப்போது ஃபிட்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் அப்படியே மடியில் கவிழ்த்தார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததுமே யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வண்டியை ஓரம் கட்டினாள். என்ஜினை அணைத்தாள்.

"எடுங்க மாமா. ஓட்டத்துல சரியாக் கேக்காது."

எடுத்தார். அமைதியான காருக்குள் பையனின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

இதற்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். "கடைக்கு வந்தேன்" என்பது பொய். "சம்பந்தி கார்ல இருக்கேன்" என்பது உண்மைதான், ஆனால் அவர் வாயில் உட்காரவில்லை. மூன்றாவது "நம்ம..." என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது.

என்னால் முடியவில்லை, உங்களிடம் விடுகிறேன். யோசித்தே சொல்லுங்கள், அவசரமில்லை. கண்ணாடிக்காரர் கையைப் பின்னால் நீட்டி ஃபிட்டரின் முழங்காலில் வைத்திருக்கிறார். அவள் தெருச் சத்தம் வராமல் ஜன்னலை ஏற்றிவிட்டு, சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி காத்திருக்கிறாள்.