அக்காவுக்கு வாங்கிய சுவரொட்டி

"ரத்தம்ன்றது முப்பாட்டன் எழுதி வச்ச சாசனம். பிரெஞ்சுக்காரனாலயே அதுல ஒரு எழுத்த மாத்த முடியல!" என்று முழங்கினார் தெய்வசிகாமணி மாமா. மேரி என்கிற பிரெஞ்சுக்கால நகராட்சி ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர். பாடை கட்டுகிறவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, காலடியில் கிடந்த கயிற்றை எடுக்க அவரை நகரச் சொன்னார்கள்.

உள்ளே அஞ்சலாட்சி கிடந்தாள். வயது முப்பத்தாறு. மஞ்சள் பூசியும் முகம் சுண்ணாம்பாகவே இருந்தது.

"எங்க அக்கா, இதுங்களப் பெத்தவ, அவளும் இப்படி வெளுத்துதான் போனா. பரம்பர வெளுப்புய்யா. சைகோன் போயி வந்த குடும்பம்!"

சைகோனிலிருந்து வந்தது ஒரு குடை மட்டும் என்று தம்பி அரிகிருஷ்ணனுக்குத் தெரியும். ஆனாலும் மாமாவின் பேச்சு ஆறுதலாக இருந்தது. வம்சம்தான் கொன்றது என்றால், வேறு யாரும் கொல்லவில்லை.

நாலு நாளுக்கு முன்பு, அக்காவுக்கு ஏற்றுவதற்காக அவன் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

"ரெண்டு பேருக்கும் அம்மா வழியில வந்த ரத்தந்தான். பொறப்புலயே ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மி. ஆனா ஒங்களுக்குப் பன்னெண்டு இருக்கு, அவங்களுக்கு மூணு. மிச்சமெல்லாம் சாப்பாடுய்யா. போன வருஷமே சுவரொட்டி குடுக்கச் சொன்னேனே?"

"வாராவாரம் வாங்கியாந்தேன் சார்."

பொய்யில்லை. ஞாயிறுதோறும் பெரிய மார்க்கெட் கறிக்கடையில் நின்று, ஆட்டு மண்ணீரலைக் கேட்டு வாங்கி வந்தவன் அவன்தான். அக்கா மிளகு போட்டு வதக்குவாள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே அவள் தட்டு எடுக்கும் வீடு அது.

"மில்லுக்குப் போற ஒடம்பு. நீ தின்னுடா."

"ஒனக்கு?"

"உள்ள இருக்கு."

சட்டியை அவன் எட்டிப் பார்த்ததில்லை.

எட்டாம் நாள் படையலுக்குச் சமைக்க வந்த பக்கத்து வீட்டுக் கமலா, "அஞ்சலாட்சிக்கு என்னாப்பா புடிக்கும்?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மாமா முந்திக்கொண்டார். "சுவரொட்டிதான்! தம்பிக்காரன் வாரம் தவறாம வாங்கியாந்து போட்டானே!"

அரிகிருஷ்ணன் மறுக்காமல் மார்க்கெட்டுக்குப் போய், எப்போதும் வாங்கும் அளவே வாங்கி வந்தான். கமலா வதக்கும்போது அருகில் நின்று பார்த்தான். வேக வேக அது சுருங்கியது. கடைசியில் சட்டியில் மூன்றே துண்டு. ஞாயிறுதோறும் அவன் தட்டில் விழுந்ததும் மூன்று துண்டுதான்.

இலையில் படைத்து, கற்பூரம் காட்டி, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் நின்றார்கள். மிளகு வாசனை வெளியே வந்தது.

கதவைத் திறந்ததும் கமலா மூன்று துண்டையும் அவன் இலையில் வைத்தாள்.

அவனுக்குப் பசித்தது. தின்றான்.