எந்தக் கையை நினைத்து

பேச்சியம்மாள் மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

"பொன்னால பல்லக்கு, பூவால மெத்தை" என்றுதான் தொடங்கியிருந்தாள். கல்யாணமாகிப் போகும்வரை, தாராவியில் அந்தச் சந்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். யார் யாருக்கோ பல்லக்குக் கட்டிய வாய். இன்று முன்னால் கிடப்பது அவளுடைய அப்பா பூதத்தான். அவருக்கென்று எடுத்தபோது அந்தப் பல்லக்கு மேலே நகரவில்லை.

காலையில் தோல் பதனிடும் கிடங்குக்குக் கிளம்பியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அவள் குடியிருக்கும் வடாலாவுக்கு ஆள் வந்து சொன்னதும், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, கட்டியிருந்த சேலையோடு புருஷன் தத்தாராமையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் இப்போதுதான் கால் வைக்கிறாள். மில்லில் வேலை பார்க்கும் மராட்டிக்காரனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, அப்பா எழுந்து வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மராட்டிக்காரர்கள் தமிழ்க்காரர் கடைகளில் கல்லெறியத் தொடங்கிய பிறகு, கிடங்கில் மருமகனைச் சொல்லிச் சீண்டியவர்களிடம், "எனக்கு மவளே கெடையாது" என்றாராம்.

தத்தாராம் வெளியே, ஆண்கள் கூட்டத்திலிருந்து தள்ளி நின்றான்.

"என்னளா நிறுத்திட்ட?" என்றாள் அத்தை மீனாட்சியம்மாள், அப்பாவின் அக்கா. "எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காவ. பாடு."

பேச்சி அப்பாவின் கைகளைப் பார்த்தாள். கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். மரப்பட்டைச் சாற்றில் ஊறி நகமெல்லாம் கறையேறிய கைகள். அம்மா காய்ச்சலில் கிடந்த நாட்களில் சின்னவளாயிருந்த பேச்சிக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட கைகள். அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பின்னல் அவிழ்ந்துவிடும்.

குரல் தானாக எழும்பியது.

"தோலு தேச்ச கையி – ஐயா
எந் தலைய வாரிவிட்ட கையி
தாழ்ப்பாளப் போட்டதும் அந்தக் கையிதானே – ஐயா
நா எந்தக் கைய நெனச்சு அழ?"

மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். அத்தையின் முகம் கறுத்தது.

"செத்தவன முன்னால போட்டுக்கிட்டு நியாயமா கேக்க? போதும், நிறுத்துட்டி."

பேச்சிக்கே பயமாக இருந்தது. இந்த வரிகள் இத்தனை நாள் எங்கே கிடந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபத்தைத்தான் எடுத்தாள். எடுத்தது பாதி வழியில் பின்னலைத் தொட்டுவிட்டு வேறு எங்கோ போனது. இரண்டையும் பிரித்துப் பாடினால் இரண்டுமே பொய்யாகிவிடும் போலிருந்தது.

"பாடட்டும் மயினி."

சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா பார்வதியம்மாள்தான்.

பேச்சி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சயானு ஆசுபத்திரியில – ஐயா
எம் பிள்ள காய்ச்சலாக் கெடக்கையில
மரத்தடியில நனஞ்சுக்கிட்டு – ஐயா
மாடியப் பாத்து நின்னியே
நீயும் ஏறி வரலையே – ஐயா
நானும் எறங்கி வரலையே"

அம்மா நிமிர்ந்தாள். "ஆசுபத்திரிக்கா? இவரா வந்தாரு?"

"ஆமாம்மா. பிள்ள கெடந்த மூணு நாளும் வந்தாரு. சன்னல் வழியாப் பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்லவேயில்லியே."

அம்மா கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைகிற கண்ணா, கெஞ்சுகிற கண்ணா என்று சொல்ல முடியவில்லை. பிறகு நகர்ந்து வந்து, மகளின் தோளில் கை போட்டு, உடைந்த குரலில் எடுத்தாள். அவள் ஒப்பாரி பாடி யாரும் கேட்டதில்லை.

"மழையில ஊறி வந்தீரே – ராசா
எங்க போனீருன்னு கேட்டேனே
எங்கயும் போகலன்னீரே – ராசா
இங்கனதாம்னு சொன்னீரே"

பேச்சி அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஒரு வரி, மகள் ஒரு வரி. குடித்துவிட்டு வந்த ராத்திரிகள் வந்தன. சம்பள நாளில் பொட்டலத்தில் வந்த அல்வா வந்தது. சாத்திய கதவு திரும்பத் திரும்ப வந்தது. பெண்கள் மறுபடி மாரடிக்கத் தொடங்கினார்கள், முன்னைவிட மெதுவாக. அத்தை மட்டும் கையை மடியில் வைத்து, தலை குனிந்தபடி இருந்தாள்.

வெயில் இறங்கும் முன்னே தூக்கினார்கள். சந்து குறுகல்; பாடையைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. தத்தாராம் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தான். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

பெண்கள் குளிக்கக் குழாயடிக்குப் போனார்கள். தண்ணீருக்கு நின்றவர்கள் குடங்களை நகர்த்தி இடம் விட்டார்கள். பேச்சி எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்க, மீனாட்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக் கல்லில் உட்கார வைத்தாள். பேச்சியின் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"கண்ண மூடிக்க" என்றாள்.

தகர டப்பாவில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினாள். வாளி தீர்ந்தது. பக்கத்திலிருந்த யாருடையதோ குடத்தைக் கேட்காமலே சாய்த்து, இன்னும் ஊற்றினாள்.